நீச்சல் தெரியாதவர்கள் நிலாவெளி புறாத்தீவுக்குப் போவதில் பயன் உண்டா?

நீச்சல் தெரியாத பெற்றோரோடும் பத்து வயதுப் பிள்ளையோடும் வருவது வீண் செலவாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது, ஆனால் வரும் மாதத்தையும் நேரத்தையும் சரியாகத் தெரிவுசெய்ய வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் இலங்கையின் கிழக்கே, திருகோணமலைப் பக்கத்து எங்கள் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே உகந்தவை. அப்போதும் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று எழுந்து நீர் கலங்கும், கரையில் கூட்டமும் சேர்ந்துவிடும்.

தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் ஆகையால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு அவசியம். படகுக் கூலி அதற்குப் புறம்பானது.

அங்கே செய்வதற்குரிய முதன்மையான செயல், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பார்ப்பதுதான். இதற்கு நீச்சல் வீரராக இருக்கத் தேவையில்லை. நீச்சலே அறியாத என் அக்கா, உயிர்காப்பு அங்கியுடன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் முகத்தை மட்டும் அமிழ்த்திய நிலையில் கிளி மீன்கள் முருகைக்கல்லைச் சுரண்டுவதை அரை மணிநேரம் பார்த்தார். பெரும்பாலான வருகையாளர் சுறாவைத் தேடி ஆழத்துக்கு விரைகிறார்கள். என்னைக் கேட்டால், கரையோரத்து இந்த அரை மணிநேரத்துக்கே மதிப்பு அதிகம். செட்டை நுனி கறுத்த அந்தச் சிறிய சுறாக்கள் கூச்சமுள்ளவை, மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிச் சென்றுவிடும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: களைத்துப்போனாலும் முருகைக்கல்லின்மேல் கால் ஊன்றக்கூடாது. அது உயிருள்ள விலங்குகளின் கூட்டம். பாறைபோல் திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வதால், நாம் ஒரு கணத்தில் மிதித்து உடைப்பது மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நான் முதன்முறை போனபோது தெரியாமல் மிதித்து உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டேன். அந்த வலி எனக்குத் தகுந்த தண்டனைதான். மீன்களுக்குப் பாண் துண்டு போடுவதையும், கரையில் ஒதுங்கிய முருகைக்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வருவதையும் தவிர்த்துவிடுங்கள்.

நீரில் இறங்கவே விரும்பாதவர்கள் மர நிழலில் அமர்ந்து, தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்களைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி நடந்த தீவு இது என்பதை நினைத்தால், அவை இன்னும் அங்கே தங்கியிருப்பதே எனக்கு வியப்பு. நம் வீட்டுப் புறாக்களின் காட்டு மூதாதை இனமான அவை பாறை இடுக்குகளிலிருந்து திடீரெனக் கிளம்பி வட்டமிட்டுத் திரும்புவதை, சேலை நனையக்கூடாது என்று கரையிலேயே இருந்துவிட்ட என் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன்களைப் பற்றி நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.