வியாபாரம் ரத்தத்தில் ஓடுகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கப் போகிறானாம், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கச் சொல்கிறான். 'பில் கேட்ஸ் படிப்பையே பாதியில் விட்டார், இந்த வயதில் துணியாமல் எப்போது துணிவது?' என்கிறான். என் கணவரோ, 'வியாபாரம் ரத்தத்தில் இருக்கணும், நமக்கு ஒத்துவராது' என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், தாராபுரம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. ரத்தக் கணக்கைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம், திருப்பூர் போதும். அப்பாவும் தாத்தாவும் ஏர் பிடித்த கவுண்டர்கள்தான் அங்கே பனியன் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும், இன்னொரு பொருளாதார அறிஞர் கைவன் முன்ஷியும் அந்த ஊர் நிறுவனங்களை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பெரிய முதலோடு இறங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே கடன் கொடுக்க சொந்தபந்தம் கிடையாது, சின்னதாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் வேகமாக வளர்ந்து, சில வருடங்களில் உள்ளூர்க்காரர்களை முந்திவிட்டார்கள். அதாவது, தொழிலில் இறங்க வைத்தது கைக்கெட்டிய பணம். வளர்ச்சி வேறு கணக்கு. சொந்தக்காரர் பத்திரம் கேட்காமல் கொடுப்பார், திரும்ப வராவிட்டால் கல்யாண வீட்டில் பிடித்துக் கேட்பார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் நாம் 'ரத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, இப்போது தம்பிக்கு. அமெரிக்காவில் புதிதாகக் கம்பெனி தொடங்கி ஆள் வைத்து நடத்திய 27 லட்சம் பேரின் கணக்கை வேறு சில ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான கம்பெனிகளைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கும்போது, 45! அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்கள் ஜெயித்தது அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

பில் கேட்ஸை விட்டுவிட முடியாதுதான். அவர் 1975-இல் ஹார்வர்டை விட்டார். ஆனால் பள்ளியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது 1968-இல்; அந்த வயதுப் பையன்களில் அப்போது எத்தனை பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? ஏழு வருடத் தொழில் பழக்கம் கையில் இருந்தது. அப்பா சியாட்டிலில் பேர்பெற்ற வக்கீல். கல்லூரியிலிருந்தும் விடுப்பு சொல்லிவிட்டுத்தான் போனார், கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. விழுந்தால் தாங்க மெத்தை இருந்தது. உங்கள் வீட்டில் அந்த மெத்தை அடமானத்துக்குப் போகப் பார்க்கிறது.

அப்புறம் ஒன்று, அம்மா. உங்கள் கடிதத்தில் வயது இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பில் கேட்ஸும் இருக்கிறார். பையன் என்ன தொழில் செய்யப் போகிறான் என்பதை மட்டும் காணோம். நீங்கள் எழுத மறந்தீர்களா, அவன் இன்னும் சொல்லவில்லையா? கேட்டு எழுதுங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், சாவி உங்கள் இடுப்பில்.