சந்தைக் கேள்வி-பதில்: தக்காளியின் புளிப்பு எங்கே போயிற்று?

கேள்வி: ஐந்து தக்காளி கரைத்தும் ரசத்தில் புளிப்பு ஏறவில்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிடுகிறாரா? (வாசகி, திருச்சி)

பதில்: அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வந்து சேர்வதே அதுதான். நாட்டுத் தக்காளி ஒன்றையும் பெங்களூர்த் தக்காளி ஒன்றையும் குறுக்கே நறுக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் விதையைச் சூழ்ந்து கொழகொழவென்று சாறு வழியும். பின்னதில் சுவர்போலத் தடித்த சதைதான் இருக்கும். புளிப்பு பெரும்பாலும் அந்தக் கொழகொழப்பில் இருக்கிறது, ஆனால் லாரியில் நசுங்காமல் வந்து சேர்வது தடித்த சதைதான். இனிப்பு போன கதை வேறு. பழைய ரகங்கள் பலவற்றில் காயின் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் ஒன்று இருக்கும்; பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று அந்த வளையத்தை ஒழித்த ரகங்களில், பச்சையத்தைப் பெருக்கும் மரபணு பழுதாகிச் சர்க்கரையும் குறைந்துபோனதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விவசாயிக்கு எடைக்குத்தான் காசு, வியாபாரிக்கு அடிபடாத தோல் வேண்டும், நமக்கோ பளபளப்பு வேண்டும். ருசிக்கென்று தனியாக ஒரு ரூபாய் கொடுப்பவர் இந்த மூவரில் யாருமில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை.

கேள்வி: நாட்டுத் தக்காளி மூன்று கிலோ வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் பத்து நாள் வைத்திருந்தேன். சப்பென்று இருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கொடுக்க முடியாது, கெடுத்தது நீங்கள். 12 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்த தக்காளி மணத்தை இழக்கும், வெளியே எடுத்து வைத்தாலும் அது முழுதாகத் திரும்பாது. இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: 900 ரூபாய்க்கு ஒரு பெட்டி பங்கனபள்ளி வாங்கினேன். தோல் தங்க மஞ்சள், உள்ளே வெளிறிய புளிப்பு. கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: வருந்துகிறேன், ஏனென்றால் நானும் ஒரு வைகாசியில் நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் மேலடுக்கை மட்டும் முகர்ந்துவிட்டு முழுப் பெட்டிக்கும் பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து அறுத்தபோது கொட்டையைச் சுற்றி வெள்ளையாகக் கண்டவன். முற்றாத காயைப் பறித்து எதைக் கொண்டு பழுக்க வைத்தாலும் நிறம் வருமே தவிர ருசி வராது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதி உண்டு. கல் வைத்ததாகச் சந்தேகம் இருந்தால் மிச்சப் பழங்களோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பணத்தைத் திரும்பப் பெற, ரசீது இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: பெரிதாக இருப்பதுதானே நல்ல கொய்யா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை.

கேள்வி: சிறுமலை வாழைப்பழம் என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தோல் வழவழவென்று கொழுத்திருந்தால் நம்பாதீர்கள். மலைப்பழம் கனியக் கனியத் தோல் சுருங்கும், உள்ளே சதை கெட்டியாகவே இருக்கும். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. விலை கேட்டு முகம் சுளிக்காமல் ஒரு சீப்பு வாங்கிப் பாருங்கள்.