வாசகர் கேள்வி – பதில்: கல்லுக்குத் துணை ஊரார்

கேள்வி: எங்கள் ஊரில் வரலாற்றுக் கழகம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாதந்தோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறோம். பத்துப் பேர்கூட வருவதில்லை. வருகிறவர்களும் என்னைப் போல் ஓய்வுபெற்றவர்களே. இளைஞர்களையும் ஊர் மக்களையும் தன்னார்வலர்களாகச் சேர்ப்பது எப்படி?
– மணப்பாறை வாசகர்

பதில்: சொற்பொழிவை நிறுத்த வேண்டாம், அதை மண்டபத்திலிருந்து எடுத்து, கல்வெட்டு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். மதுரையில் பசுமை நடை அமைப்பினர் செய்தது அதுதான். யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் பேசப்பட்ட 2010ஆம் ஆண்டில், அந்த மலையைக் காக்க வேண்டும் என்ற கவலையோடு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய நடை, பிறகு மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றுக்கும் நீண்டது. விடுமுறைக் காலையில் குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்குத் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையின் முன் நின்றே விளக்கம் சொன்னார்.

இடத்தில் நின்று கேட்பதற்கு ஒரு தனி வலிமை உண்டு. யானைமலை அடிவாரத்தில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி கி.பி. 770இல் அதைக் குடைவித்தான் என்றும், பணி நிறைவுறுமுன் அவன் இறந்துவிட, அவனுக்குப் பின் அமைச்சனான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தான் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த செய்தியை அந்த மண்டபத்திலேயே நின்று கேட்கும் பத்து வயதுக் குழந்தைக்கு, அதன் பிறகு யானைமலை வெறும் மலையாகத் தெரியாது.

ஆனால் நடை பார்வையாளரைத்தான் தரும். அவர் மறுமுறையும் வர வேண்டுமென்றால் அவர் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். முன்கூட்டியே போய்ப் பாதையைப் பார்த்து வருவது, முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுவது, தண்ணீரும் உணவும் ஏற்பாடு செய்வது, படமெடுப்பது, சொல்லப்பட்டதை எழுதி வைப்பது, திரும்பும்போது குப்பையைப் பொறுக்கி எடுத்து வருவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். "வந்து உதவுங்கள்" என்ற பொதுவான அழைப்புக்கு அசையாதவர்கள், "அடுத்த மாதம் பாதை பார்க்கும் வேலை உங்களுடையது" என்றால் வந்துவிடுவார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் முதல் தன்னார்வலர் அந்தக் கல்லுக்கு அருகில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், கோயில் பூசாரி, அந்தப் பாறைமேல் ஆடு மேய்ப்பவர் ஆகியோரிடம் முன்பே போய்ப் பேசாமல், நகரத்திலிருந்து ஐம்பது பேர் திடீரென்று இறங்குவது சரியன்று. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியைப் பாருங்கள். கழிஞ்சமலையில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் (தமிழ்-பிராமி) அமைந்த கல்வெட்டும் சமணச் சிற்பமும் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ள அந்த ஊர், மீனாட்சிபுரத்தோடு சேர்த்து 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது தெரியவந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமத்தார் திரண்டு எதிர்த்தார்கள். தங்கள் மலையின் தொன்மையையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. எந்தக் கழகமும் வெளியிலிருந்து போய் இதைச் செய்துவிட முடியாது.

கேள்வி: எங்கள் குழுவில் கல்லூரி மாணவர்கள் இருபது பேர் ஆர்வத்தோடு இருக்கிறார்கள். ஒருவருக்கும் பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு என்ன பணி கொடுக்கலாம்?
– திருவண்ணாமலை வாசகி

பதில்: நிறையவே கொடுக்கலாம். நடுகற்கள் மிகுந்த மாவட்டம் உங்களுடையது. வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் ஒவ்வொரு கல்லின் இடம், உயரம், அகலம், நிற்கும் திசை, அதை ஊரார் வழங்கும் பெயர், அதற்குப் பொங்கல் வைக்கும் குடும்பம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதற்கு வட்டெழுத்து தெரிய வேண்டியதில்லை. இந்தப் பெயரும் வழக்கமும் கல்லில் எழுதப்படாதவை. சொல்லும் பாட்டி மறைந்தால் அவையும் போய்விடும்.

அடுத்த படியாக, பட்டறிவுள்ள ஒருவரை அழைத்து மைப்படி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல்லை நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, சற்று உலர்ந்ததும் மை ஒற்றினால், கருமையின் நடுவே எழுத்துகள் வெண்மையாக எழும். அந்த நொடியில் மாணவர்களின் முகத்தைப் பாருங்கள். எழுத்தைப் படிக்கவும் கற்க வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். கம்பித் தூரிகை, அமிலம், பெயின்ட் ஆகியவற்றைக் கல்லின் பக்கமே கொண்டு போகக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். புதிய கல்வெட்டு கிடைத்தால், தஞ்சாவூரில் இயங்கும் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழுக்கு அறிஞர் ஒருவரின் துணையோடு எழுதி அனுப்புங்கள். கண்டறிந்த மாணவரின் பெயரும் அதில் இடம்பெறட்டும்.

கேள்வி: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்த பழங்காசுகளை ஒருவர் எங்கள் மன்றத்துக்குக் கொடுக்க முன்வருகிறார். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– கரூர் வாசகர்

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே அவருக்குத் துணையாகக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ நீங்களும் போங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கும் செய்தி சொல்லுங்கள். உங்கள் தன்னார்வலர்கள் அங்கே மேலும் தோண்டக் கூடாது. மண்ணில் எந்த ஆழத்தில், எந்தப் பானையோடு கிடைத்தது என்ற செய்தி காசின் அளவுக்கு மதிப்புள்ளது.

கீழடியில் 1970களில் கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்டியதும், பள்ளி ஆசிரியர் பாலசுப்பிரமணியம் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அங்கு அகழாய்வு தொடங்கியது 2015இல். அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தாலும், உங்கள் மன்றத்தின் பதிவேட்டில் கிடைத்த நாளும் சர்வே எண்ணும் காசின் எடையும் இரு பக்கப் படங்களும் இன்றே ஏறிவிட வேண்டும்.