உரக்கப் பேசுவது நடிகரா, பாத்திரமா?

கேள்வி: நானும் பெரியப்பாவும் சேர்ந்து 'ஸ்கார்ஃபேஸ்' பார்த்தோம். "இது நடிப்பில்லை, தொண்டைக்கு வந்த கேடு" என்று சொல்லி அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எனக்கோ அதன் நாயகன் அல் பசினோவை மிகவும் பிடித்திருக்கிறது. கல்லூரி நாடகத்தில் ரவுடி வேடம் ஏற்றிருக்கிறேன். அவரைப் போலவே செய்தால் மிகை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை.

பதில்: உங்கள் பெரியப்பா எழுந்து போனதில் எனக்கு வியப்பில்லை. ஆலிவர் ஸ்டோன் எழுதி பிரையன் டி பால்மா இயக்கிய இந்தப் படம் 1983-இல் வெளிவந்தபோதே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. மோசமான இயக்குநர் என்று கேலியாகத் தரப்படும் ராஸி விருதுக்கு டி பால்மாவும், சிறந்த நடிகருக்கான கோல்டன் குளோப் விருதுக்கு அல் பசினோவும் இதே படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

அடக்கி நடிக்கத் தெரியாதவர் என்று அல் பசினோவைச் சொல்ல முடியாது. 1972-இல் 'காட்ஃபாதர்' படத்தில் குரலை உயர்த்தாமல், பார்வையாலேயே எதிரில் இருப்பவரை நடுங்கவைத்தவர் அவர்தான். பிறகு ஏன் இங்கே இத்தனை ஆர்ப்பாட்டம் என்பதற்கு விடை, படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1980-இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவனாக வந்திறங்கும், அல் பசினோ ஏற்ற பாத்திரமான டோனி மொன்டானா, ஆங்கிலம் எங்கே கற்றாய் என்று அதிகாரிகள் கேட்கும்போது, ஹம்ஃப்ரி போகார்ட், ஜேம்ஸ் காக்னி போன்ற பழைய ரவுடிப் பட நடிகர்களைப் பார்த்துப் பேசக் கற்றதாகச் சொல்கிறான். ஆக, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவன், சினிமா ரவுடியின் நடையையும் பேச்சையும் இரவல் வாங்கி உடுத்திக்கொண்டிருக்கிறான். பின்னால் பெரிய உணவு விடுதியில் குடித்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து, கெட்டவன் என்று விரல் நீட்டுவதற்கு உங்களுக்கு நான் தேவைப்படுகிறேன் என்று அவன் முழங்குவது மேடைப் பேச்சேதான். மிகை டோனியினுடையது, அதை மறைக்காமல் காட்டுவதுதான் நடிகரின் வேலை.

நம் பக்கத்துச் சுடலைமாடன் கொடையை நினைத்துப் பாருங்கள். காலையில் டீக்கடை பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்த மனிதர், நள்ளிரவில் சாமி வந்து ஆடும்போது யாரும் அதை மிகை என்று சொல்வதில்லை. கொடையில் நடக்கும் கணியான் கூத்தில், தணிந்து ஒலிக்கும் மந்த மகுடமும் ஓங்கி ஒலிக்கும் உச்ச மகுடமும் என்ற இரண்டு பறைகள் சேர்ந்து ஒலித்து, கதை சொல்லச் சொல்ல அவரைப் படிப்படியாக அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டிருக்கின்றன. உச்ச மகுடம் மட்டும் விடிய விடிய அடித்தால் தலைவலிதான் மிஞ்சும். இந்தப் படத்திலும் மந்த மகுடம் உண்டு. குளியலறையில் கூட்டாளியை மரம் அறுக்கும் இயந்திரத்தால் கொல்லும் காட்சியில் வெட்டுக்காயம் நம் கண்ணில் படுவதே அரிது. பெரும்பாலும் அதைப் பார்க்கக் கட்டாயப்படுத்தப்பட்ட டோனியின் முகத்தைத்தான் பார்க்கிறோம். படத்தின் மிகக் கொடூரமான இடத்தில் அல் பசினோ ஏறக்குறைய முகத்தால் மட்டுமே நடிக்கிறார். உங்கள் பெரியப்பா இதைப் பார்த்த பிறகு எழுந்தாரா, முன்பே எழுந்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசித் துப்பாக்கிச் சண்டையில் பாத்திரம் கரைந்து, கத்தும் நடிகர் மட்டுமே எனக்குத் தெரிகிறார். கியூப உச்சரிப்பும் சில இடங்களில் ஒட்டவைத்ததாகவே படுகிறது.

இனி உங்கள் நாடகம். திருநெல்வேலி என்றாலே அரிவாளைத் தூக்கிவிடும் சினிமாக்காரர்களால் நமக்கு ஏற்கெனவே போதுமான கெட்ட பெயர் இருக்கிறது. நீங்களும் அதில் சேர வேண்டாம். அல் பசினோவின் குரலை விட்டுவிட்டு, உங்கள் ரவுடி யாரைப் பார்த்து ரவுடியாகப் பேசக் கற்றான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒத்திகையில் எல்லா வசனத்தையும் ஒருமுறை தணிந்த குரலில் சொல்லிப் பார்த்து, அப்படிச் சொல்லவே முடியாத இடங்களில் மட்டும் குரலை உயர்த்துங்கள். ஊரில் உண்மையாகவே பயப்பட வேண்டிய ஆள், "இருலே, பேசிக்கிடுவோம்" என்று மெதுவாகத்தான் சொல்வார் என்பது உங்கள் பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் அவரையே ஒத்திகைக்கு அழைத்துச் சென்று, கடைசி வரிசையில் உட்காரவையுங்கள்.