வெளிநாட்டுக்காரனின் நிம்மதி

அன்புள்ள ஐயா,

உங்கள் தாய்லாந்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் நிறுவனம் என்னை இரண்டு ஆண்டுகளுக்குப் பாங்காக் அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறது. மனைவிக்குத் தயக்கம். பிரதமர்களை நீதிமன்றம் வரிசையாக வீட்டுக்கு அனுப்புகிற, எப்போது வேண்டுமானாலும் ராணுவம் தெருவில் இறங்கக்கூடிய நாட்டில் ஏழு வயதுக் குழந்தையோடு எப்படி இருப்பது என்று கேட்கிறாள். நானோ சென்ற ஆண்டு ஒரு வாரம் அங்கே சுற்றிவிட்டு வந்தவன். பதற்றத்தின் சுவடே கண்ணில் படவில்லை. தெருக்கள் சுத்தமாக இருந்தன, எல்லார் முகத்திலும் புன்னகை, ஒலிபெருக்கி இல்லை, ஊர்வலம் இல்லை. இந்த மக்களுக்கு அரசியலில் அக்கறையே கிடையாதா? பௌத்தம் கற்றுத்தந்த பற்றின்மையா இது? நம் ஊரின் அரசியல் இரைச்சலில் களைத்துப்போன எனக்கு, ஐந்தாண்டு ராணுவம் ஆண்டால் நாமும் இப்படி ஒழுங்குக்கு வந்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைவ உணவு, பள்ளிக்கூடம், அங்கே ஒரு ஃபிளாட் வாங்கலாமா என்பவை பற்றியும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் கோபம் முழுவதும் உங்கள்மேல் அன்று. சில வாரங்களுக்கு முன் சுகும்வித் பகுதியில் நம்மவர்கள் கூடிய ஒரு விருந்தில், இந்த ஊரில் பிள்ளை பெற்று வளர்த்துப் படிக்கவைத்த ஒருவர், உங்கள் வாக்கியத்தை ஏறத்தாழ அப்படியே சொன்னார்: "2014-இல் ராணுவம் வந்த பிறகுதான் சார் இங்கே நிம்மதியாக இருந்தோம்." சாப்பாட்டு மேசையில் சண்டை வேண்டாம் என்று அன்று வாயை மூடிக்கொண்டு வந்த எனக்கு, உங்கள் கடிதம் அந்தப் பேச்சைத் தொடர ஒரு வாய்ப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் நீங்கள் கேட்க வேண்டியதுதான்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். சைவ உணவு கிடைக்கும். சீலோம் மாரியம்மன் கோவில் பக்கம் போனால் இட்லியும் கிடைக்கும். பள்ளிக்கட்டணத்தை நிறுவனம் தருமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்; தராவிட்டால் வராதீர்கள். ஃபிளாட்டைப் பொறுத்தவரை, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், நிலம் மட்டும் உங்கள் பெயரில் வராது. இரண்டு ஆண்டுக்கு வருகிறவர் எதற்காக வாங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. பௌத்தத்தை இதில் இழுக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் லாட்டரிக் குலுக்கலுக்காகக் காத்திருக்கிற, புதிய பிரதமர் எந்தக் காரில் வந்து இறங்கினார் என்று பார்த்து அந்தக் காரின் பதிவெண்ணிலேயே சீட்டுத் தேடி வாங்குகிற மக்களைப் பற்றற்றவர்கள் என்று சொல்வது புத்தருக்கும் அவர்களுக்கும் சேர்த்துச் செய்கிற அநியாயம்.

இனி அந்த நிம்மதிக்கு வருகிறேன்.

2014 மே 22 அன்று மாலை, தளபதி பிரயுத் சான் ஓச்சா தொலைக்காட்சியில் தோன்றி ஆட்சியை ராணுவம் எடுத்துக்கொண்டதாக அறிவித்தபோது நான் சாதோர்ன் சாலையில் அலுவலகத்தில் இருந்தேன். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை ஊரடங்கு என்றார்கள். மேம்பால ரயிலில் நிற்க இடமில்லை. ஆனாலும் யாரும் யாரையும் தள்ளவில்லை. வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால் எந்த அலைவரிசையிலும் ராணுவத்தின் முத்திரைகளும் தேசபக்திப் பாடல்களும்தான். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் மூ பிங் என்கிற பன்றியிறைச்சிக் குச்சிகளைச் சுட்டு விற்கும் அம்மாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை நம்மவர்களிடமிருந்து வந்தவை, அவை அனைத்திலும் ஒரே சொல், "அப்பாடா."

அந்த "அப்பாடா"வுக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 13 முதல் சுதேப் தவுக்சுபான் தலைமையிலான கூட்டம் நகரின் முக்கியச் சந்திப்புகளை மறித்து உட்கார்ந்திருந்தது. பிப்ரவரி 2 அன்று நடந்த தேர்தலைப் பல தொகுதிகளில் நடக்கவிடாமல் தடுத்தது. பிறகு அந்தத் தேர்தலே செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் தெருவை மறித்தவர்கள் கேட்டது பிரதமர் யிங்லக் ஷினவத்ராவின் அரசு போக வேண்டும் என்பதை. தெருவைத் திறந்துவிட வந்த ராணுவம் கடைசியில் நடத்திக்கொடுத்ததும் அதையேதான் என்பதை "அப்பாடா" சொன்னவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவன், பெண்ணைப் பெற்றவருக்குக் கடன் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

அதன்பின் நடந்த ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரடங்கை முதலில் எங்கே தளர்த்தினார்கள் தெரியுமா? பட்டாயாவில், புக்கெட்டில், சமுய் தீவில். ஜூன் 3 அன்றே அங்கெல்லாம் இரவு திரும்பிவிட்டது. நாடு முழுவதும் நீங்குவதற்கு ஜூன் 13 ஆயிற்று. இரவுச் சந்தையில் கடை போடுகிறவரும் விடியுமுன் காய்கறி லாரி ஓட்டுகிறவரும் காத்திருக்க, கடற்கரையில் பீர் குடிக்க வந்தவருக்கு முதலில் விடுதலை கிடைத்தது. எங்கள் நிம்மதி இந்த நாட்டின் அமைதிக்கு அடையாளம் என்று எண்ணிக்கொள்கிற என் நண்பர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: அந்த நிம்மதி நமக்கென்று தனியாகச் செய்து தரப்பட்டது. அதை வைத்து ஊரை அளக்கக் கூடாது.

ஒலிபெருக்கி இல்லை, ஊர்வலம் இல்லை என்று எழுதுகிறீர்கள். 2014 ஜூனில் பொது இடத்தில் கூடி நின்று சாண்ட்விச் தின்ற மாணவர்களை, அது எதிர்ப்பின் அடையாளம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று விரல்களை உயர்த்தியவர்களையும் பிடித்தார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடக் கூடாது என்று ஆணை இருந்தது. அதே சமயத்தில் மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ராணுவம் இலவசமாக முடி வெட்டியது, இசை நிகழ்ச்சி நடத்தியது, உலகக் கோப்பைக் கால்பந்தாட்டங்களைக் கட்டணமில்லாத் தொலைக்காட்சியில் காட்ட ஏற்பாடு செய்தது. தளபதியின் வரிகளில் ஒரு பாடலும் வெளிவந்தது. நீங்கள் ஒழுங்கு என்று கண்டு மயங்குவது இதைத்தான். இதற்கு முன்பும் பின்பும் இந்த மக்கள் தெருவுக்கு வராமலா இருந்தார்கள்? 2008-இல் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்துக்கொண்டார்கள். 2010-இல் அவரை ஆதரித்த சிவப்புச் சட்டைக்காரர்கள் நகரின் ராட்சபிரசோங் சந்திப்பில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இன்று அதே இடத்தில் நீங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்ட பேரங்காடிகள் நிற்கின்றன. 2020-இல் பிள்ளைகள் தண்ணீர்ப் பீரங்கிக்கு முன்னால் காற்றடைத்த பெரிய ரப்பர் வாத்துகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரம் சுற்றிப் பார்த்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், குற்றமில்லை. தெரியாமலே ஒரு மக்கள் கூட்டத்துக்கு அக்கறையில்லை என்று தீர்ப்பு எழுதியதுதான் குற்றம்.

அக்கறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்த மூ பிங் அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியின் ரோய் எட் மாகாணத்துக்காரர். பாங்காக்கில் பாதி வாழ்நாளைக் கழித்தும் அவருடைய குடும்பப் பதிவு கிராமத்து வீட்டில்தான் இருக்கிறது, ஆகவே வாக்கும் அங்கேதான். அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்கள் இந்த நகரத்தின் சோற்றையும் சாலையையும் வாடகை மோட்டார் சைக்கிளையும் நடத்துகிறார்கள். நகரத்தின் வாக்குப் பெட்டியில் அவர்கள் இல்லை. வாக்களிக்க இரவுப் பேருந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் முன்கூட்டியே பதிவு செய்து வெளித்தொகுதி வாக்காளராக வரிசையில் நிற்க வேண்டும். 2023 தேர்தலில் அப்படிப் பதிவு செய்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மே 7 அன்று, ஒரு வாரம் முன்பே, வெயிலில் வரிசை நின்றார்கள். மே 14 வாக்குப்பதிவில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். நம் அம்மாள் வியாபாரத்தை மூடிவிட்டு ஊருக்கே போய்வந்தார். அவருடைய தாயாருக்கு மாவட்ட மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் மட்டும் வாங்கிய அரசு மருத்துவத் திட்டம் எந்தத் தேர்தலால் வந்தது என்று அவருக்குத் தெரியும். 2006-இல் தக்சினைத் துரத்திய ராணுவம் அமைத்த அரசுகூட அந்தத் திட்டத்தைத் தொடத் துணியாமல், இருந்த 30 பாட்டையும் நீக்கி இலவசமாக்கியது என்பதும் தெரியும். தத்துவம் பேசுகிற நம்மைவிட அவருக்கு வாக்கின் விலை நன்றாகத் தெரியும்.

அந்த வாக்கு என்னவாயிற்று? மூவ் ஃபார்வர்ட் கட்சி 151 இடங்களோடு முதலில் வந்தது. ஜூலையில் பிரதமரைத் தேர்ந்தெடுக்க இரு அவைகளும் கூடி வாக்களித்தபோது அதன் தலைவர் பிதா லிம்ஜரோன்ராத்துக்கு 324 வாக்குகள் கிடைத்தன, தேவைப்பட்டவை 375. ராணுவ ஆட்சி நியமித்திருந்த 250 செனட்டர்களில் அவரை ஆதரித்தவர்கள் 13 பேர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று அந்தக் கட்சியே கலைக்கப்பட்டது, அரசகுடும்பத்தைக் காக்கும் 112-ஆம் சட்டப்பிரிவைத் திருத்துவோம் என்று சொன்னதற்காக. ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை என்கிற அந்தப் பிரிவைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் இங்கேதான் குடியிருக்கிறேன்.

நீதிமன்றம் பிரதமர்களை வீட்டுக்கு அனுப்புவதை உங்கள் மனைவி நிலையின்மை என்று நினைக்கிறார். எனக்கென்னவோ அதில் அசைக்க முடியாத ஒரு நிலைத்தன்மை தெரிகிறது. 2008 முதல் 2025 வரை அப்படிப் போனவர்கள் ஐந்து பேர், ஐவருமே தக்சின் வழிவந்த கட்சிகளைச் சேர்ந்தவர்கள். சமக் சுந்தரவேட் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பணம் பெற்றதற்காகப் போனார். சோம்சாய், தன் கட்சி கலைக்கப்பட்டதால் போனார். யிங்லக் ஓர் அதிகாரியை இடமாற்றம் செய்ததற்காகவும், ஸ்ரேத்தா தவிசின் முன்பு சிறை சென்ற ஒருவரை அமைச்சராக்கியதற்காகவும் போனார்கள். தக்சினின் மகள் பேதோங்தான், கம்போடியாவின் ஹுன் சென்னை "அங்கிள்" என்று உறவுமுறை வைத்து அழைத்துத் தன் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரைக் குறைசொன்ன தொலைபேசி உரையாடல் வெளியானதற்காகப் போனார். இவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. தக்சினின் ஆட்சியில் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளை மறந்தவனும் இல்லை. ஆனால் ராணுவ ஆட்சியின் துணைப் பிரதமர் பிரவித்தின் கையில் அடுத்தடுத்துத் தென்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட விலையுயர்ந்த கடிகாரங்கள் இறந்துபோன நண்பரிடம் இரவல் வாங்கியவை என்ற விளக்கம் ஏற்கப்பட்ட அதே நாட்டில்தான் சமையல்காரர் பதவியிழந்தார். தெருமுனை அம்மாளிடம் இதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் புன்னகை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐந்தாண்டு ராணுவம் ஆண்டால் என்று கேட்கிறீர்களே, இங்கே 2014-இல் வந்த தளபதி 2023 வரை பிரதமராக இருந்தார். பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தன் அட்டை உருவத்தை நிறுத்திவிட்டு 2018-இல் ஒருநாள் நடந்துபோனார். நாமும் அப்படி ஆக வேண்டுமா? நம் ஊர் ஒலிபெருக்கியைக் கேட்டுக் காது வலிக்கிறது என்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்த இரைச்சலில் பேசுகிறவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப உங்களால் முடியும், அனுப்பியும் இருக்கிறீர்கள். அனுப்பப்பட்டவர் போயும் இருக்கிறார்.

கடுமையாக எழுதிவிட்டேன். குழந்தையோடு வருகிற குடும்பத்தைப் பயமுறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. வாருங்கள். உங்களுக்கு இங்கே ஒன்றும் ஆகாது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லாரோடும் நில்லுங்கள், உங்கள் குழந்தை அதை மிகவும் விரும்பும். தேர்தலுக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணியிலிருந்து மது விற்க மாட்டார்கள் என்பதை உங்கள் அலுவலக நண்பர்கள் நினைவூட்டுவார்கள். பல வெளிநாட்டுக்காரர்களுக்குத் தேர்தல் வருவதே அதனால்தான் தெரியும். தாய் மொழியை முதல் மாதமே கற்கத் தொடங்குங்கள், தெருமுனையில் சாப்பிடுங்கள், சைவத்தை உங்கள் மனைவி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையில் உங்கள் முகவரியைப் பதிந்தாரா என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவர் மறந்தால், விசாவை நீட்டிக்கப் போகும்போது சேங் வத்தனா அலுவலகத்தில் ஒரு முழுப் பகல் உங்களுடையதாகப் போகும்.