தரங்கம்பாடியில் இரண்டு மணி நேரம்

அன்புள்ள அண்ணா,

சீர்காழிக்குக் கல்யாணத்துக்குப் போன கையோடு பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனோம். டேனிஷ் கோட்டை, சர்ச், நுழைவாயில் எல்லாவற்றிலும் போட்டோ எடுத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அமைதியான ஊர்தான், ஆனால் பாண்டிச்சேரி மாதிரி கலவையான கலாச்சாரம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் வேறு. இன்னொரு தடவை போகலாமா, இல்லை பாண்டிச்சேரிக்கே போய்விடலாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

பாண்டிச்சேரிக்கே போங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெயிலுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ‘கலவை கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை, கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. மஞ்சள் சுவரும் வளைவு ஜன்னலும் இருந்தால்தான் கலப்பு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சுவர் எழுப்பக் காசு இருந்தால் போதும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், 1845இல் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அது கொடுக்கல் வாங்கல்.

கலப்பு வேறு இடத்தில் நடந்தது. 1706 ஜூலையில் அந்தக் கரையில் வந்து இறங்கிய சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார், இருபதுகளில் இருந்த ஜெர்மன்காரர், தமிழ் வாத்தியாரிடம் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுத்துப் பழகினார். மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இரண்டே வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி வைத்தார், திருக்குறள் உட்பட. அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே அவரைச் சிறையில் போட்டார், உங்கள் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்ட அதே கோட்டையில், நான்கு மாதம். அப்புறம் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்று அங்கிருந்த மிஷன் பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1719இல் அவர் இறந்துபோனார், நூல் அச்சேறியது 1867இல், சென்னையில். கற்றுக்கொள்ளப் போனவனை அவனுடைய ஆட்களே சந்தேகப்படுகிறார்கள் பாருங்கள், கலப்பு என்றால் அந்த வலியும் சேர்ந்ததுதான். அவர் தரங்கம்பாடியில் தொடங்கிய அச்சுக்கூடமும் அப்படித்தான். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன, அதனால் இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக வந்துவிட்டது. இதையெல்லாம் இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டீர்கள், இல்லையா?

என் பெரியம்மா வீடு தரங்கம்பாடிக்குப் பக்கத்துப் பொறையாறு. பக்கத்து வீடு லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். சாயங்காலம் அவர்கள் ஜெபத்தில் உட்கார்ந்து கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை பாடுவார்கள், நல்ல கர்நாடக ராகத்தில். நெற்றி நிறைய விபூதி பூசிய, ஒரு நாளும் சர்ச் படி ஏறாத என் பெரியம்மா, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அடுத்த அடியை முன்கூட்டியே முணுமுணுப்பார். வார்த்தை பாதி தப்பும், ராகம் தப்பாது. தவிடு பறந்து கண்ணில் விழுந்தாலும் நிறுத்தமாட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த சமயம் தஞ்சாவூர்ப் பாட்டாகி, பொறையாற்றுச் சைவ வீட்டு முற்றத்தில் வந்து நின்றதே, அதைவிடப் பெரிய கலவையை எனக்குப் பாண்டிச்சேரியில் யாரும் காட்டியதில்லை.

இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன். கோட்டை வரை போய்விட்டு மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி ஒரு வரி இல்லை உங்கள் கடிதத்தில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 சுனாமியில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன, இன்றும் அதே கடலுக்குத்தான் போகிறார்கள். நீங்கள் சொன்ன அமைதிக்குள் இவர்களெல்லாம் இருக்கிறார்கள்.

மறுபடி போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்கு உள்ளே, பலிபீடத்தின் அருகில்தான் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. செல்போனைப் பையில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள், பாட்டெல்லாம் முடிகிறவரை எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பசித்தால் பொறையாறு கடைத்தெரு பக்கம்தான்.