கார் ஷெட் கதவைக் கூரையை ஒட்டித் திறக்கும்படி மாற்ற முடியுமா? டிராக்கை மட்டும் உயர்த்தினால் போதுமா?

முடியும். ஆனால் டிராக்கை, அதாவது கதவின் சக்கரங்கள் ஓடும் தண்டவாளத்தை, மட்டும் உயர்த்தினால் போதாது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த "மட்டும்" என்ற சொல்லால் என் ராத்தா (அக்கா) வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்திருக்கும்.

உங்களுடையது நாலைந்து பலகைகள் கீலில் இணைந்து, மேலே போய் வளைந்து, கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும் கதவு என்று வைத்துக்கொள்கிறேன். கடைகளில் இருக்கும் சுருள் ஷட்டர் என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. கதவு திறந்தபின் கூரைக்கும் அதற்கும் நடுவில் மூன்று நாலு அடி வீணாகக் கிடக்கிறது, உள்ளே எதையாவது உயரமாகத் தூக்கினால் கதவில் இடிக்கிறது, அதுதானே? ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றத்தால் வாசல் உயராது. 7 அடி வாசல் 7 அடியாகவேதான் இருக்கும். உயரமான வண்டி நுழைய வேண்டும் என்பதற்காகக் கேட்டிருந்தால் வாசலுக்கு மேலே உள்ள லிண்டல் உத்திரத்தை இடித்துக் கட்ட வேண்டும், அது கொத்தனார் வேலை.

எனக்குக் கீழக்கரை. ஷார்ஜாவில் 16 வருஷம் இந்தக் கதவுகளை மாட்டுவதுதான் என் வேலை. வில்லாக்களில் மாட்டியிருக்கிறேன், குடோன்களில் மாட்டியிருக்கிறேன். ஊர் திரும்பிய வருஷம் ராத்தா மகன் கருப்பட்டி வியாபாரம் ஆரம்பித்திருந்தான். சாயல்குடிப் பக்கம் போய் ஓலைப்பெட்டிகளில் ஏற்றிவந்து வீட்டு ஷெட்டில் இறக்குவான். வேனின் பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற மாதிரி. ஷெட் கதவு மேலே திறந்து கிடந்தால் வேன் கதவு பாதியில் போய் அதில் முட்டும். ஷெட் கதவை இறக்கி மூடிவிட்டு, உள்ளே இருட்டில் வேர்க்க வேர்க்க இறக்குவார்கள். கூரை 11 அடி, கதவு 7 அடி. மேலே 4 அடி சும்மா கிடந்தது. மச்சான் என்னிடம், "நீதான் இதுலயே ஊறுனவனாச்சே, ரெண்டு நாள்ல தூக்கி வச்சிர மாட்டியா?" என்றார்.

கணக்கு எனக்குத் தெரியும். டிராக்கின் வளைவுக்கும் டிரம்முக்கும் (கதவைத் தூக்கும் கம்பிக்கயிறு சுற்றும் உருளை) 18 அங்குலம் விட்டுவிட்டு 30 அங்குலம் உயர்த்தலாம். ஆனால் டிரம்மையும் கதவின் எடையைத் தாங்கும் முறுக்கு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், அவை நம் பக்கம் கிடைக்காது, வர ஒரு மாதம் ஆகும் என்றேன். அடுத்த வாரம் வீட்டில் நிக்காஹ். "இப்போதைக்கு டிராக்கை மட்டும் ஏத்து, சாமான் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார் மச்சான். ராத்தாவும் கெஞ்சினாள். நான் ஏற்றினேன். சுவரோரம் நிற்கும் நிலை டிராக்கில் 30 அங்குலம் ஒட்டுப் போட்டு, டிரம்மும் ஸ்பிரிங்கும் கோத்திருக்கும் ஷாஃப்டை மேலே தூக்கி, நீளமான கம்பிக்கயிறு கட்டி, பழைய டிரம்மையும் பழைய ஸ்பிரிங்கையுமே வைத்துவிட்டேன்.

அது ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சாதாரணக் கதவில், மேலே போகப் போக ஒவ்வொரு பலகையும் படுக்கை டிராக்கில் ஏறிவிடும், அதன் எடையை டிராக் வாங்கிக்கொள்ளும். கம்பிக்கயிற்றில் தொங்கும் எடை குறைய ஸ்பிரிங்கின் முறுக்கும் அதே கதியில் குறையும். இரண்டும் சமமாகப் போவதால்தான் அவ்வளவு கனமான கதவு ஒரு கைக்கு வருகிறது. உயர்த்திய கதவில் முதல் 30 அங்குலத்துக்கு ஒரு பலகைகூடப் படுக்காது. முழு எடையும் கயிற்றில்தான், ஸ்பிரிங்கோ தளர ஆரம்பித்துவிடும். முழுக்கத் திறந்தபிறகும் அடியில் இரண்டரை அடிக் கதவு சுவரோடு நின்றபடி தொங்கும், அதைத் தாங்க முறுக்கு மிச்சம் இருக்காது. அதற்காகத்தான் உயரத் தூக்கும் கதவுக்கென்று தனி டிரம் வார்க்கிறார்கள். கதவு மூடியிருக்கும்போது கயிறு பெரிய விட்டத்தில் இருக்கும், ஏற ஏற சின்ன விட்டத்துக்கு இறங்கும், அதன்பிறகு சமமான பகுதியில் சுற்றும். தளரும் ஸ்பிரிங்குக்கு அந்தச் சரிவுதான் கைகொடுக்கிறது.

புதுப் பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அதன் நடுத்துண்டு 72.5 மீட்டர் நீளம், நேர்செங்குத்தாக 17 மீட்டர் ஏறும். அத்தனை இரும்பையும் மோட்டாரா தூக்குகிறது? இரண்டு பக்கமும் எதிர்எடை தொங்குகிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தை ஆட்கள் கையாலேயே திறந்தார்கள் என்றால் அங்கேயும் எடைக்கு எடை நின்றதால்தான். கதவில் அந்த எதிர்எடையின் வேலையைச் செய்வது ஸ்பிரிங். அதைக் கணக்குத் தப்ப விட்டுவிட்டு டிராக்கை மட்டும் தூக்குவது எதிர்எடையைக் குறைத்துவிட்டுப் பாலத்தைத் தூக்குவது மாதிரி.

நான் மாட்டிய கதவு திறந்த இடத்தில் நிற்கவில்லை. விட்டால் இறங்கியது. ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். கல்யாண வீடு, பிள்ளைகள் ஓடியாடும் வீடு. மூன்றாம் நாள் மாலை யாரோ இடித்துக் கட்டை சரிந்தது. கதவு அப்படியே இறங்கி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வேன் கதவின் கண்ணாடியை நொறுக்கிவிட்டு நின்றது. மருமகனின் நாலு வயது மகள் அங்கிருந்து மூன்று எட்டு தள்ளி நின்றாள். ராத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாளே கதவை இறக்கி, சங்கிலி போட்டுக் கட்டிவைத்தேன். ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க எடுத்துவிட்டு, மருமகன் கருப்பட்டி நிறுக்கும் தராசைக் கதவுக்கு அடியில் தள்ளி எடை பார்த்தேன். 68 கிலோ. கதவின் எடை, உயரம், எவ்வளவு உயர்த்துகிறோம், எந்த டிரம், இந்த நாலும் சொன்னால்தான் சரியான ஸ்பிரிங் கிடைக்கும். "பழசு மாதிரியே ஒண்ணு" என்று கேட்டு வாங்காதீர்கள். டிரம் இரண்டையும் என்னோடு வேலை பார்த்த ஒருவர் லீவில் வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். ஸ்பிரிங் சென்னையில் சொல்லிச் செய்தது.

படுக்கை டிராக்கைத் தொங்கவிடக் கூரையில் ஆங்கர் போல்ட் அடிக்கப் போனபோது இன்னொரு பிரச்சினை. காங்கிரீட் உள்ளே பொரிந்துபோய்க் கிடந்தது. உப்புத் தண்ணீரில் கலவை போட்ட பழைய கூரை, கம்பி துருவேறி உப்பியிருந்தது. கூரையை நம்பாமல் இரண்டு பக்கச் சுவரிலும் ஆங்கிள் இரும்பு நிறுத்தி, குறுக்கே பாலம் போட்டு அதில் படுக்கை டிராக்கைத் தொங்கவிட்டேன். கடலோர வீடு என்றால் முதலில் கூரையைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள், பொத்தென்று கேட்டால் அதில் எதையும் மாட்டாதீர்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் துருவை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்ததற்குக் காரணமே நம் காற்றுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஸ்பிரிங்குக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் பூசுங்கள். கயிற்றில் ஒரு இழை பிரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் வைத்திருக்கிறீர்களா? கூரை நடுவில் தண்டு ஓடும் பழைய மோட்டார் இனி உதவாது, அந்தத் தண்டு கதவின் வழியில் நிற்கும். ஷாஃப்டின் முனையில் பக்கவாட்டில் மாட்டும் மோட்டார்தான் சரி. கயிறு தொய்ந்தால் உடனே நிற்கிற சுவிட்ச் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"யூடியூப் பார்த்து நானே செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வருவார்கள். தெரிந்த ஆளை வைத்து ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க எடுத்தபிறகு டிராக்கை நீங்களே ஒட்டுங்கள், கயிறு மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். வெல்டிங் பட்டறைத் தம்பியையும் தொட விடாதீர்கள். அதற்கென்று உள்ள இரண்டு முறுக்குக் கம்பிகளை வைத்துக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்ற வேண்டிய சாமான் அது. ஸ்க்ரூடிரைவர் வைத்து முறுக்கியவர் பல்லை இழந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். வேலை பிடிக்க எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இப்போது நான் இந்த வேலை செய்வதில்லை.

ஏன் செய்வதில்லை என்றால், ஊரில் ஒரு சின்னப் பட்டறை வைக்கக் கடன் கேட்டுப் போனேன். சான்றிதழ் கேட்டார்கள். 16 வருஷம் மாட்டிய கதவுகளைத்தான் காட்ட முடியும், அவை ஷார்ஜாவில் இருக்கின்றன. ஐடிஐ முடித்த காகிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே ஏசி, லிஃப்ட், பைப் வேலையில் தலை நரைத்துத் திரும்பியவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். கையில் இருக்கும் வேலைக்கு ஒரு பரீட்சை வைத்து ஒரு காகிதம் கொடுத்தால் நாங்கள் எழுதமாட்டோமா? கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் ஊரில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் நீங்கள் இங்கே வந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராத்தா வீட்டுக் கதவு இப்போது நன்றாக நிற்கிறது. இடுப்புயரத்தில் கையை எடுத்தால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. உங்கள் கதவை ஆள் யார் மாற்றிக் கொடுத்தாலும், காசு கொடுக்குமுன் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வாசலின் உயரம், வாசல் மேல்விளிம்பிலிருந்து கூரை வரை எவ்வளவு, கதவின் எடை, மூன்றையும் அளந்து கீழே எழுதினால் எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று சொல்கிறேன்.